கோடிட்ட இடத்தை நிரப்பிய டேட்டாபேஸ்

பரீட்சையில 'கோடிட்ட இடங்களை நிரப்புக'ன்னு வருமே, ஞாபகம் இருக்கா மக்களே? அதே பாணியில ஒரு டேட்டாபேஸ்கிட்டயே கேள்வி கேட்க முடிஞ்சது. பேரு ஃப்ரீபேஸ். டேனி ஹில்லிஸ் 2005-ல ஆரம்பிச்ச மெட்டாவெப் கம்பெனி, 2007 மார்ச்சில் இதை வெளியே விட்டது.

விக்கிபீடியா மாதிரி யார் வேணும்னாலும் சேர்க்கலாம், திருத்தலாம். ஆனா கட்டுரையா இல்லாம, தனித்தனித் தகவலா இருக்கும். கேள்வி கேட்கிற மொழி எம்.க்யூ.எல். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். வகை: இசைக் கலைஞர், பெயர்: தி போலீஸ், ஆல்பம்: காலி அடைப்புக்குறி. இப்படி ஒரு ஜேசான் எழுதி அனுப்பினா, அதே ஜேசான் ஆல்பம் பட்டியல் நிரம்பித் திரும்பி வரும். அவ்ளோதான்!

பிரவுசர்ல இருந்து கேட்கிறதுலதான் ஒரு சிக்கல். ஒரு தளத்தோட ஸ்கிரிப்ட், இன்னொரு தளத்தோட தகவலைப் படிக்கக் கூடாதுங்கிறது பாதுகாப்பு விதி. ஆனா ஸ்கிரிப்ட் டேகுக்கு அந்தத் தடை இல்லை. அந்தச் சந்துல நுழைஞ்சதுதான் ஜேசான்பி. 2005 டிசம்பர்ல பாப் இப்போலிட்டோ முன்வைத்த யோசனை. பதிலை ஒரு ஃபங்ஷனுக்குள்ள சுத்தி அனுப்பிடும் சர்வர்.

ஆக, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு என்ன வேலை? கேள்வியை முகவரியில கோர்க்கணும், ஒரு ஸ்கிரிப்ட் டேக் சேர்க்கணும், பதில் வந்ததும் நம்ம ஃபங்ஷன்கிட்ட கொடுக்கணும். சில டஜன் வரி போதும். கனமெல்லாம் அந்தப் பக்கம், சர்வர்ல.

வினையும் அங்கேதான் இருந்தது. 2010 ஜூலையில் கூகுள் மெட்டாவெப்பை வாங்கியது. 2012-ல வந்த நாலெட்ஜ் கிராஃபுக்கு ஃப்ரீபேஸ் தகவலும் தீனி போட்டது. 2014 டிசம்பர்ல மூடுவிழா அறிவிப்பு. 2016-ல ஏ.பி.ஐ. நின்னே போச்சு. லைப்ரரியில ஒரு வரி கூடக் கெடல. கோடிட்ட இடத்தை நிரப்பத்தான் ஆள் இல்லை.

ஆனா தகவல் முழுக்க அழியல. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருந்ததால மொத்தமா டவுன்லோடு பண்ண முடிஞ்சது. ஒரு பகுதி விக்கிடேட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்த்தவங்க உழைப்பைக் காப்பாத்தினது கோட் இல்லைங்க, உரிமம்!

அதனால ஒரு ஏ.பி.ஐ.-யை நம்பி எதையாவது கட்டுறதுக்கு முன்னாடி, லைப்ரரி எத்தனை கே.பி.ன்னு நான் கடைசியாத்தான் பார்ப்பேன். கடையைச் சாத்தினா சரக்கை வெளியே எடுக்க முடியுமா? அதுதான் முதல் கேள்வி.