சின்னத்திரைப் பகடியும் கொங்குக் குசும்பும்

ஒரு கலையை எள்ளி நகையாட வேண்டுமாயின், முதலில் அதனை மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். யாப்பறியாதவன் வசைகவி பாட இயலாது. காளமேகத்தை அறிந்த கவிஞர்க்கு இது புதிய செய்தியன்று. திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் பகடி செய்யும் சிறு நாடகங்களுக்கும் இதுவே இலக்கணம்.

கொங்கு நாட்டுக்கும் திரைக்கும் உள்ள உறவு பழமையானது. 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி ஊர்தோறும் படங்காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். பின்னர் சென்ட்ரல், பட்சிராஜா ஆகிய படப்பிடிப்பு நிலையங்கள் இங்கே எழுந்தன. பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ 1954-இல் வெளிவந்தது. பார்த்துப் பழகிய ஊர், பார்த்ததைக் கேலி செய்யவும் பழகியதில் வியப்பில்லை.

அக்கேலிக்குக் ‘கோவைக் குசும்பு’ என்றே பெயர். ‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’ என மரியாதை விகுதி குறையாமலே எதிராளியின் பெருமிதத்தைச் சரித்துவிடுவது இதன் இயல்பு. உடுமலைப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த கவுண்டமணி, சூலூர் மணிவண்ணன், கோவை சத்யராஜ் ஆகியோர் இதனைத் திரைக்குக் கொண்டு சென்றனர். மணிவண்ணனின் ‘அமைதிப்படை’யில் (1994) நாற்காலி நுனியில் பணிவோடு அமர்ந்திருப்பவன், வாக்கு எண்ணிக்கை ஏற ஏறச் சாய்ந்து அமரும் காட்சி, பல மேடைப்பேச்சுகள் செய்யாத அரசியல் விமரிசனத்தைச் செய்துவிட்டது.

தொலைக்காட்சியின் வருகை பகடிக்குப் புதிய களம் அமைத்தது. கனடாவில் 1976-இல் தொடங்கிய ‘எஸ்சிடிவி’, கற்பனையான ஓர் ஒளிபரப்பு நிலையத்தின் நிகழ்ச்சிகளையே நையாண்டியாக்கிற்று. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியபோது தமிழருக்கு ஒரே அலைவரிசைதான். 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது, பிறவும் தொடர்ந்தன. ரிமோட்டை அழுத்திய பக்கமெல்லாம் அதே நாயகன், அதே சபதம், அதே கண்ணீர். ஓயாத இம்மறுஒளிபரப்பு, மக்களைத் தம்மையறியாமலே திரைக்காட்சிகளை மனப்பாடம் செய்ய வைத்தது. பகடிக்கு நிலம் பண்பட்டுவிட்டது.

அந்நிலத்தில் விளைந்ததே, 2000-க்குப் பிந்தைய முதற் பத்தாண்டில் விஜய் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘லொள்ளு சபா’. ராம்பாலா இயக்கத்தில் சந்தானம், மனோகர், சாமிநாதன், ஜீவா முதலியோர் புகழ்பெற்ற படங்களை எளிய அரங்கில் மீண்டும் நடித்துக் காட்டினர். பாத்திரங்களே நடுவில் நின்று கதையின் பொருத்தமின்மையைக் கேள்வி கேட்டன. இது சென்னையில் உருவான நிகழ்ச்சி. எனினும், கொட்டகை மண்தரையில் அமர்ந்து திரையை நோக்கி எதிர்வசனம் பேசிய பழைய ரசிகனின் குரலே அதில் ஒலித்தது. அக்குரல் கோவைக்கும் அயலன்று.

இங்கே ஆழ்ந்து எண்ணத்தக்க ஒன்றுண்டு. சந்தானம் 2004-இல் ‘மன்மதன்’ வழியே திரையில் அறியப்பட்டார், பின்னர் நாயகனுமானார். ராம்பாலா 2016-இல் அவரையே நாயகனாக்கித் ‘தில்லுக்கு துட்டு’ எடுத்தார். எள்ளியவரை எள்ளப்பட்ட துறையே வரவேற்று அமர்த்திக்கொண்டது. இது கலைஞரின் குற்றமன்று. உழைப்புக்குக் கிடைத்த உயர்வே. ஆயினும், அரண்மனைக்குள் இடம்பெற்ற விதூடகன், வாயிலில் நின்றபோது பேசியதை எல்லாம் அங்கும் பேச முடியுமா?

பரிசிலும் பாராட்டும் பெறும் கவிஞரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது. நாடாளும் நாயகர்களைத் திரையிலிருந்தே தேர்ந்தெடுத்த தமிழகத்தில், திரையைப் பார்த்துச் சிரிப்பது வெறும் பொழுதுபோக்கன்று. மரியாதை விகுதி மாறாமல் உண்மையைச் சொல்லும் அந்தக் குசும்பு, கொங்கு மண் தமிழுக்கு அளித்த கொடை. அதனைப் பேணுவது கவிஞர் கடனுமாகும்.