லொறிக் கம்பனியில் சேரும் முன் ஒரு புதிய சாரதி கேட்க வேண்டியவை

கண்டியிலிருந்து லொறிகள் கடுகண்ணாவை இறங்கிக் கொழும்புக்கும், மாத்தளை, தம்புள்ளை வழியாக ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும், 18 வளைவுகள் கடந்து மஹியங்கனைக்கும் போகின்றன. இந்த லொறிகளில் வேலை தேடி வன்னியிலிருந்து வரும் இளைஞர்களோடு பேசியிருக்கிறேன். 1977, 1983 வன்முறைகளால் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் கம்பனி நல்லது?”

சம்பளத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. லொறி ஓடும் நாளில் எல்லாக் கம்பனியும் நல்ல கம்பனிதான். விபத்து நடந்த நாளிலும், பொலிஸ் மறித்த நாளிலும் அது யார் பக்கம் நிற்கும் என்பதைத்தான் சேரும் முன்பே அறிய வேண்டும்.

சம்பளமா, ட்ரிப் காசா?

மாதச் சம்பளம் எவ்வளவு, ட்ரிப்புக்கு எவ்வளவு, சாப்பாட்டுக் காசு தனியா, லொறி பழுதாகி நிற்கும் நாளுக்குக் காசு உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். பிறகு ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. “ட்ரிப் காசுக்கு வேலை செய்பவருக்குச் சேமலாப நிதி இல்லை” என்று சொன்னால் நம்பாதீர்கள். வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுபவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்.

வாகனமும் பாரமும்

சேரும் முன் லொறியைப் பாருங்கள். பிரேக், டயர், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி நான்கும் முக்கியம். அனுமதித்ததை விடக் கூடிய பாரத்தோடு கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் சூடேறினால், ஆபத்து முதலில் உங்களுக்குத்தான். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்திலுள்ள வகுப்பு அந்த லொறிக்குப் போதுமானதா என்றும் பாருங்கள்.

சரக்கின் பத்திரங்கள்

மணலுக்கும் மரத்துக்கும் போக்குவரத்து அனுமதி தேவை. அது இல்லாமல் பிடிபட்டால் முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போவது சாரதிதான். முன்பு தடுத்து வைக்கப்பட்ட ஒருவருக்கு இன்னொரு விளக்கமறியல் என்பது சிறிய விடயம் அல்ல. “பத்திரம் பிறகு வரும்” என்ற பேச்சோடு லொறியை எடுக்காதீர்கள். பிடிபட்டால் சட்டத்தரணிக்கு யார் காசு கொடுப்பார், வீட்டுக்கு யார் அறிவிப்பார் என்று முன்பே கேளுங்கள்.

கையெழுத்து

வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்ததன் விலை எங்கள் சமூகத்துக்குத் தெரியும். ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒரு பிரதி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் இடத்திலும், அடையாள அட்டையையோ சாரதி அனுமதிப்பத்திரத்தையோ வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலும் சேராதீர்கள்.

விபத்து நடந்தால்

வேலையின்போது காயமடைந்தாலோ இறந்தாலோ, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளி பொறுப்பு. சாரதி இறந்தால் அவரில் தங்கியிருந்தவர்கள் நட்டஈடு கோரலாம். ஆனால் அவர் அந்தக் கம்பனியில்தான் வேலை செய்தார் என்பதைக் காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம், ட்ரிப் விபரம் எழுதிய கொப்பி ஆகியவற்றின் படங்களை வீட்டாரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஒருவரின் உழைப்பில் நடக்கும் குடும்பங்களுக்கு இதுதான் காப்பு.

எங்கே முறையிடுவது?

கண்டியில் தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

முடிவெடுக்கும் முன், அந்தக் கம்பனியில் இப்போது ஓட்டுபவரிடமும் அதிலிருந்து விலகிய ஒருவரிடமும் பேசுங்கள். விலகியவருக்குக் கடைசி மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா என்று கேளுங்கள். முதலாளி எப்படிப்பட்டவர் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.