வேலை இழந்தோருக்குச் சீனர் இட்ட பெயர்கள்

மத்திய அந்தமானைச் சேர்ந்த ரங்கத் வட்டாரத்தில் பல மொழிகள் வழங்குகின்றன. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1918 முதல் காட்டு வேலைக்கெனச் சோட்டா நாகபுரியிலிருந்து அந்தமானுக்கு அழைத்துவரப்பட்டோரின் வழியினர், தமிழர், தெலுங்கர் எனப் பல திறத்தார் இங்கே கலந்து வாழ்கின்றனர். தாய்மொழி எதுவாயினும், உடலுழைப்பாளியைக் குறிக்கும் ‘மஸ்தூர்’, ‘கூலி’ என்னும் இரு சொற்களை அறியாதார் இவர்களுள் இலர்.

‘மஸ்தூர்’ பாரசீகம் தந்த சொல். ‘கூலி’ தமிழிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்றது என்பர் சிலர். கூர்ஜரத்துக் குலப்பெயர் ஒன்றிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். அது எவ்வாறாயினும், ஐரோப்பிய வணிகரின் கப்பலேறி அச்சொல் சீனத்தையும் அடைந்தது. சீனர் அதை இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதல் எழுத்துக்குக் கசப்பு என்பது பொருள். இரண்டாவதற்கு வலிமை என்பது பொருள். ஒலியும் கெடவில்லை, உழைப்பாளியின் துயரமும் மறையவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் எண்ணி எண்ணி வியக்கத்தக்க ஆக்கம் இது.

உழைப்பவனுக்கு இத்துணை நேர்மையான பெயரை ஈந்த மொழி, உழைக்க வேலையில்லாதவனுக்கு என்ன பெயரிட்டது? இக்கேள்விக்கு விடை காண முற்பட்டால், சீன தேசத்தின் முக்கால் நூற்றாண்டுச் சரித்திரமே நம் கண்முன் விரியும்.

வேலையிழப்புக்குச் சீனத்தில் வழங்கும் நேரான சொல் ‘ஷி-யெ’. ‘ஷி’ என்றால் இழத்தல். ‘யெ’ என்றால் தொழில். இந்த ‘யெ’ ஆழ்ந்த பொருளுடையது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்த பண்டை அறிஞர்கள் ‘கர்மம்’ என்பதற்கும் இவ்வெழுத்தையே கையாண்டனர். நம் மொழியிலும் ‘வினை’ என்பது அத்தகையதே. வினைத்தூய்மை, வினைத்திட்பம் என்று வள்ளுவர் அதிகாரம் வகுக்கையில் அது செயலைக் குறிக்கும். முன்வினை என்னும்போது ஊழைக் குறிக்கும். வினை நீங்கியவரை நாம் ஞானி என்போம். சீனத்தில் ‘யெ’யை இழந்தவனோ ஞானியல்லன், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடுபவன்.

1949இல் புதிய அரசாங்கம் பதவியேற்றபோது சீன நகரங்களில் வேலையிழந்தோர் 40 லட்சத்துக்கும் மேற்பட்டிருந்தனர். ‘ஷி-யெ’ அன்று எல்லாரும் கூசாமல் வழங்கிய சொல். பழைய ஆட்சி விட்டுச்சென்ற நோய் என்று புதிய ஆட்சியும் அதைத் தயங்காமல் எழுதியது. 1950களின் இறுதியில் அந்நோய் தீர்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வேலையின்மை முதலாளித்துவ நாடுகளுக்கே உரியது என்பது கொள்கை. ஆகவே நோய் தீர்ந்த நாட்டில் நோயின் பெயருக்கு இடமில்லாது போயிற்று.

ஆனால் நோய் மீண்டது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் நகரத்து இளைஞர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1970களின் இறுதியில் அவர்கள் கூட்டங்கூட்டமாக நகரங்களுக்குத் திரும்பினர். எல்லாருக்கும் கொடுக்க வேலையில்லை. வேலையில்லை என்று சொல்ல அனுமதிக்கப்பட்ட சொல்லுமில்லை. அப்போது பரவலான சொல்லே ‘தை-யெ’. ‘தை’ என்றால் காத்திருத்தல். அவன் வேலை இழந்தவன் அல்லன், வேலைக்குக் காத்திருப்பவன். 1986இல் அரசாங்க ஆலைத் தொழிலாளருக்கு நிவாரணம் வகுத்தபோதும், அதற்குக் ‘காத்திருப்போர் காப்பீடு’ என்றே பெயரிட்டனர்.

இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் நம் நாட்டில் தொடங்கிய ஏற்பாடு, பின்னர் வேலைவாய்ப்பு அலுவலகங்களாக வளர்ந்து பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. அங்கே பதிந்தவர்களை இன்றும் நம் நாளிதழ்கள் ‘பதிவு செய்து காத்திருப்போர்’ என்றே குறிக்கின்றன. பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர்களை நாம் அறிவோம்.

மூன்றாவது சொல் 1990களுக்கு உரியது. சீனத்து அரசாங்க ஆலைத் தொழிலாளியின் வேலைக்கு ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ என்று பெயர். கீழே விழுந்தாலும் உடையாது என்பது கருத்து. கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும் என்ற நம்மவர் வாக்கும் இதற்கு இனமானதே. நட்டத்தில் ஓடிய ஆலைகளைச் சீர்செய்யப் புகுந்தபோது அந்தக் கிண்ணம் உடைந்தது. உடைந்ததைச் சொல்லப் பயன்பட்ட சொல் ‘ஷியா-காங்’. காவல் நிற்கும் சிப்பாய் தன் முறை முடிந்து காவலிடத்தைவிட்டு இறங்குவதே அதன் பழைய பொருள். இறங்கிய சிப்பாய் மறுநாள் திரும்பி வருவான். ஆலையைவிட்டு இறங்கியவர்களுள் மிகப் பலர் திரும்பவேயில்லை. 1998 முதல் 2003 வரை அரசாங்க ஆலைகளிலிருந்து இவ்வாறு இறங்கியோர் ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் எனச் சீன அரசாங்கமே வெளியிட்டுள்ளது. ஆலையுடன் அவர்கள் தொடர்பு ஏட்டளவில் நீடித்தது. சிறு உதவித்தொகையும் உண்டு. எனினும், வேலையில்லாதோர் கணக்கில் அவர்கள் சேர்க்கப்படவில்லை.

நம் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் செய்யப்பட்ட திருத்தமும் இத்தகைய வேறுபாடு ஒன்றை வகுத்தது. ஆட்குறைப்புக்கு ஆளானவர் ஆலையைவிட்டு நீங்கியவர். ‘லே-ஆஃப்’ செய்யப்பட்டவரோ பதிவேட்டில் பெயருள்ளவர். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி அவருக்கு நஷ்டஈடு. ஒரு சொல் மாறினால் உலையில் விழும் அரிசியின் அளவும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ரங்கத்திலும் இதன் சாயலைக் காணலாம். தீவு நிர்வாகத்தில் நாள் ஊதியத்துக்கு உழைப்போரை ‘டி.ஆர்.எம்.’ என்பர், தினக்கூலி மஸ்தூர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வேலை உண்டு, ஆனால் நிலையில்லை. அந்தமானில் நெடுங்காலம் பலருக்குச் சோறிட்டது காடு. 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது நன்மையே. ஆயினும் 1977இல் தோன்றிய காடு தோட்ட வளர்ச்சிக் கழகம் நலிவுற்றது. அதை மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை இசைந்தது. நம் நாட்டில் இவ்வாறு மூடப்படும் பொது நிறுவனங்களின் ஊழியர்க்கு வழங்கும் சொல் ‘விருப்ப ஓய்வு’. விருப்பம் யாருடையது என்பதை அச்சொல் சொல்வதில்லை.

சீனத்தில் ‘ஷி-யெ’ 1990களின் நடுவில் அரசாங்க ஏடுகளுக்குத் திரும்பிவந்தது. 1999இல் அப்பெயரிலேயே காப்பீட்டு விதிகள் பிறந்து, நகரத்துத் தனியார் நிறுவன ஊழியர்களையும் தழுவின. தகுதியுடையோர் 24 மாதம் வரை உதவி பெற வழி ஏற்பட்டது. ஆயினும் தயக்கம் முற்றும் அகலவில்லை. 2023 ஜூனில் நகரத்து இளைஞரிடையே வேலையின்மை நூற்றுக்கு 21.3 என்று வெளியான பின், ஆகஸ்டில் அக்கணக்கை வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. மாணவர்களை நீக்கிய புதிய கணக்கு 2024 ஜனவரியில் வந்தது.

இழந்தவன், காத்திருப்பவன், இறங்கியவன் ஆகிய மூவரையும் ‘வேலையற்றோர்’ என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிடுவது எளிது. பெயர்த்தால் சரித்திரம் மறைந்துபோகும். இழந்தவன் என்றால், பறித்தது யார் என்ற கேள்வி எழும். காத்திருப்பவன் என்றால், பொறுமை அவன் கடமையாகிவிடும். இறங்கியவன் என்றால், தானே இறங்கினான் போலும் என்று எண்ணத் தோன்றும்.

தமிழில் நாம் ‘வேலையில்லாத் திண்டாட்டம்’ என்கிறோம். ‘வேலையின்மை’ என்பது சுருக்கமானது, கலைச்சொல்லாகத் தக்கது என்பது உண்மையே. ஆனால் வேலையில்லாதவன் தனக்கென ஒதுக்கிய கட்டத்தில் அசையாது நிற்கும் ஓர் எண் அல்லன் என்பதை நினைவூட்டுவது அந்தத் ‘திண்டாட்டம்’தான். சட்டமோ அறிக்கையோ எழுதுவோர் அச்சொல்லை நீக்குமுன், அதனுடன் யாரை நீக்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.