தவிலில் ஏறிய இரும்பு

கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் மணமேடையைப் பார்ப்பார்கள். இசை பிடித்தவர்கள் தவில்காரரின் கையைப் பார்ப்பார்கள். தவிலின் உடம்பை யாராவது உற்றுப் பார்த்ததுண்டா? அடுத்த முறை பாருங்கள். இரண்டு பக்கமும் வளையங்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், வரிசையாக நட்டுகள்... ஏதோ லாரிப் பட்டறையிலிருந்து இறங்கி வந்தது போல இருக்கும்!

இந்த இரும்பு தவிலோடு பிறந்தது அல்ல. நடுவில் வந்து ஏறிக்கொண்டது.

வாசுதேவநல்லூர் என்றால் வரலாறு படித்தவர்களுக்குப் பூலித்தேவரின் கோட்டையும், 1767இல் அதைப் பிடிக்க கும்பினிப் படை பட்ட பாடும் நினைவுக்கு வரும். இது அந்தக் கதை இல்லை. இந்த ஊர் ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிறது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், அதன் பிறகு தென்காசி மாவட்டம். கோயில் திருவிழாவானாலும் சுடலைமாடன் கொடையானாலும் தவில் இல்லாமல் இந்தப் பக்கம் எதுவும் நடக்காது. நையாண்டி மேளத்திலும் அதுதான் முன்னால் நிற்கும். ஆனால் இந்தப் பக்கத்துச் சாரல் காற்றுக்கும் தவிலில் ஏறிய இரும்புக்கும் ஆகாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

தவிலின் உடல் பலாமரம். ஒரே துண்டு மரத்தைக் குடைந்து எடுப்பதால் அதைக் 'கட்டை' என்றே சொல்கிறார்கள். குற்றாலநாதர் கோயிலின் தலமரமும் பலாதான், குறும்பலா. சம்பந்தர் அந்த மரத்துக்கென்றே தனிப்பதிகம் பாடியிருக்கிறார். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் இதே பலாவைத்தான் தேடுவார்கள். கட்டையின் நடு வயிறு பருத்தும் இரண்டு முனைகளும் சிறுத்தும் இருக்கும். வலப்பக்கம் வளந்தலை. அதன் தோல் இறுக்கமாக, கணீரென்று பேசும். கையில் கூடு மாட்டிக்கொண்டு அடிப்பது அதில்தான். இடப்பக்கம் தொப்பி. அது தளர்வாக இருக்கும், பூவரசங் குச்சியால் அடிப்பார்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு தோல்களையும் இழுத்துப் பிடித்தது வார், அதாவது தோல் பட்டை. இது எவ்வளவு பழைய வழக்கம் தெரியுமா? புறநானூற்றின் 50ஆம் பாட்டிலேயே வாரால் இறுக்கிக் கட்டிய முரசு வருகிறது. மோசிகீரனார் முரசு கட்டிலில் தூங்கிப்போக, சேர மன்னன் தண்டிக்காமல் கவரி வீசினானே, அதே பாட்டுதான். முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்ததால்தான் கட்டில் காலியாக இருந்தது!

பிறகு ஏன் இரும்பு? காரணம் எளிது. ஈரக் காற்றில் தோல் தளரும், சுருதி இறங்கும். வார் பிடித்த தவிலை மறுபடி இறுக்க நல்ல பலமும் நேரமும் வேண்டும், பல சமயம் தோல் வேலை தெரிந்த ஆளே வர வேண்டும். நட்டு வைத்த தவிலுக்கு ஒரு ஸ்பேனர் போதும். சாமி புறப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷத்தில் முடுக்கிக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார் மெல்ல மெல்லப் பின்வாங்கி இரும்பு முன்னுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. இராத்திரி முழுக்க வாசித்துவிட்டு விடிந்ததும் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுகிறவரைப் போய், 'பழமையைக் காப்பாற்று' என்று சொல்வது நியாயமும் இல்லை.

ஆனால் கட்டைக்கு இதனால் கேடு வந்தது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது மலையடிவாரம் முழுக்க ஈரம் நிற்கும். இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பது வேதியியல் வகுப்பில் படித்ததுதான். அதனால் நட்டு மரையோடு ஒட்டிக்கொள்கிறது, வளையம் மரத்தை நெருக்குகிறது. பலா மரத்தில் மஞ்சள் சாயம் உண்டு. புத்த பிக்குகளின் ஆடைக்கு நிறம் ஏற்றப் பயன்பட்ட அதே சாயம். ஈரத்தில் இரும்பு அதைத் தொட்டால் மரம் அந்த இடத்தில் கறுத்துப்போகும்.

இப்படிப் பட்ட பழைய கட்டையிலிருந்து இரும்பைக் கழற்றுவது பொறுமை கேட்கும் வேலை. அவசரக்காரர்கள் செய்யும் முதல் தப்பு, ஒரு நட்டை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போவது. வளந்தலையின் மொத்த இழுப்பும் மறுபக்கம் சாய்ந்து, வளையம் கோணி, கட்டையின் விளிம்பைக் கடித்துவிடும். ஒவ்வொரு நட்டிலும் கால் சுற்று, பிறகு அதற்கு நேர் எதிரில் இருப்பதில் கால் சுற்று என்று, சுற்றிச் சுற்றித்தான் தளர்த்த வேண்டும்.

அசையாத நட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருக்கலாம். ஆனால் கீழே துணி வைக்காமல் விட்டால் எண்ணெய் மரத்தில் இறங்கிக் கறையாகும், அது போகவே போகாது. மறுநாள் அளவான ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, பிறகு தளர்த்த வேண்டும். துரு உடைவது பெரும்பாலும் அந்த முதல் அசைவில்தான். கட்டிங் பிளேயரால் பிடித்தால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு எதற்கும் பிடி கொடுக்காது. மோட்டார் பட்டறையில் செய்வது போல நெருப்புக் காட்டவே கூடாது. மரம் கருகும், தோல் சுருங்கும். கடைசி வழி ஆக்ஸா பிளேடு: மரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு தகரத்தைச் செருகிவிட்டு நட்டை அறுத்துவிடலாம். நட்டு எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அந்தக் கட்டை கிடைக்குமா?

வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியைச் செருகி நெம்பக் கூடாது. பலா, ரேகை வழியே பிளக்கும். முனை சிறுத்த வடிவம் என்பதால், சற்று அசைத்துக் கொடுத்தாலே வளையம் முனைப் பக்கம் நழுவி வந்துவிடும். இத்தனை நாள் நெருக்கத்தில் இருந்த கட்டையை உடனே வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். நிழலில் கிடக்கட்டும்.

மேல்நாட்டு டிரம் வேறு ஜாதி. 1909இல் சிகாகோவில் தொடங்கிய லுட்விக் போன்ற கம்பெனிகளின் டிரம்களில் இரும்பு உறுப்புகளை உடலில் துளை போட்டு, உள்ளிருந்து திருகாணி வைத்துப் பூட்டியிருப்பார்கள். அங்கே பழையதைக் கழற்றினாலும் துளை நிற்கும், அதே அளவில் புது உறுப்பு கிடைக்காவிட்டால் திண்டாட்டம். தவிலில் இரும்பு வெளியே இருந்து கட்டிப் பிடித்திருக்கிறதே தவிர உடலைத் துளைத்துப் போகவில்லை. அதனால்தான் இரும்பு ஏறிய கட்டையை மறுபடி வாருக்குக் கொண்டுபோவது பற்றி யோசிக்கவாவது முடிகிறது.

அப்படி யோசிப்பவருக்கு வருகிற சிக்கல் மரத்தில் இல்லை, வார் பிடிக்கும் ஆளில். தோலைப் பதப்படுத்தி, வாராக அறுத்து, வாத்தியத்தில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். மேடையில் வாசித்தவருக்குப் பொன்னாடை கிடைத்தது, இவர்கள் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மிருதங்கம் செய்தவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா ரத்து செய்தது, விழா வேறு இடத்தில் நடந்தது. தவில் வேலைக்காரர்களுக்கு அப்படி எழுதப்பட்ட ஒரு பெரிய வரலாறு வேண்டும். ஸ்பேனர் வந்த பிறகு அவர்களைக் கூப்பிட வேண்டிய தேவை குறைந்தது. கூப்பிடாத வீட்டில் பிள்ளைகள் அந்த வேலையை ஏன் கற்கப் போகிறார்கள்?

கழற்றிய நட்டுகளையும் கம்பிகளையும் தூக்கி எறியாமல், எது எந்த இடத்தில் இருந்தது என்று சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது. வார் பிடிக்க ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த கொடைக்கு அந்த டப்பாவைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.