முச்சங்க மரபும் நான்காம் சங்கமும்

பலர் ஒருங்கே நம்பிய ஒன்று, அந்நம்பிக்கையின் வலியாலேயே மெய்ம்மையாதல் கூடுமோ என்னும் வினா மெய்ப்பொருள் நூலார்க்கு மட்டும் உரியதன்று. வரலாறு எழுதுவார்க்கும் உரியது. மனிதர் ஒரு நிலைமையை உண்மையெனக் கொண்டுவிடின், அதன் விளைவுகள் உண்மையாகவே நிகழும் என்னுங் கருத்தை வில்லியம் தாமசும் டாரதி தாமசும் 1928இல் வெளியிட்டனர். அதனை 1948இல் இராபர்ட் மெர்ட்டன் மேலும் விரித்து விளக்கினார். சமூகவியலார் வங்கி முறிவு முதலியவற்றை வைத்து ஆராய்ந்த இப்பொருளுக்கு, நம் துறைக்கு அணித்தாகவே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முச்சங்கம் பற்றிய மரபே அது. அந்நம்பிக்கை எதனை ஆக்கிற்று, எதனை ஆக்க மாட்டாதாயிற்று, எதனை மறைத்தது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முச்சங்க வரலாற்றை முதன்முதல் முழுமையாகத் தருவது இறையனார் களவியல் உரையாகும். நக்கீரனாரால் செய்யப்பெற்றுப் பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி நீலகண்டனாரிடம் சேர்ந்ததாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் இவ்வுரை, நெடுமாறனைப் போற்றும் பாண்டிக்கோவைச் செய்யுட்களை எடுத்தாள்வதால், இன்றுள்ள வடிவில் கி.பி. எட்டாம் நூற்றாண்டையொட்டியது என்பர் அறிஞர் பலர். தலைச்சங்கம் 4440 யாண்டும், இடைச்சங்கம் 3700 யாண்டும், கடைச்சங்கம் 1850 யாண்டும் நடந்தன என்றும், அவற்றைப் புரந்த பாண்டியர் முறையே 89, 59, 49 பேர் என்றும் அது கூறுகின்றது. இவ்வெண்களைப் போற்றுவாரும் இகழ்வாரும் பலர். கூட்டியும் வகுத்தும் பார்த்தார் சிலரே. மூன்று கால அளவும் முப்பத்தேழின் மடங்குகள். 4440 என்பது 120 முப்பத்தேழு; 3700 என்பது 100 முப்பத்தேழு; 1850 என்பது 50 முப்பத்தேழு. மூன்றையுங் கூட்டின் 9990 ஆகும். இடைச்சங்கத்து அரசர் ஒவ்வொருவரும் சராசரி அறுபத்திரண்டு யாண்டுக்கு மேல் ஆண்டிருத்தல் வேண்டும். தந்தைக்குப்பின் மைந்தனாக ஐம்பத்தொன்பது பேர் இவ்வாறு ஆளுதல் எந்நாட்டு அரச மரபிலும் காணப்படாதது. இவை ஆவணத்திலிருந்து எடுத்த எண்கள் அல்ல. ஒருவர் அமைத்த எண்கள் என்பது தெளிவு.

எண்கள் அமைக்கப்பட்டன என்பதனால் மரபு முழுதும் ஒருவரது கற்பனை என முடித்தல் பொருந்தாது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூற்று எழுபத்திரண்டாம் பாட்டில் வஞ்சினங் கூறுங்கால், மாங்குடி மருதன் தலைவனாக அமைந்த புலவர் தன்னைப் பாடாது ஒழிக என்கின்றான். பாண்டியன் அவையைச் சார்ந்து, தலைவர் ஒருவரையுடைய புலவர் குழு ஒன்று இருந்தமைக்கு இஃது அகச்சான்று. சிறுபாணாற்றுப்படையும் தமிழ் நிலைபெற்ற இடமாக மதுரையைச் சுட்டுகின்றது. எனினும் அக்குழுவைச் ‘சங்கம்’ என்று அப்பாடல்கள் யாண்டும் கூறவில்லை. அச்சொல் மதுரையோடு இயைந்து வருவது பிற்காலத்தே. வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவியதாகப் பத்தாம் நூற்றாண்டுத் தேவசேனர் தம் தரிசனசாரத்தில் கூறும் காலம் ஏறத்தாழ கி.பி. 470. அது சமணத் துறவியர் சங்கமேயன்றிப் புலவர் அவையன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவார் தடுமாற்றம் பெரிது.

ஏழாம் நூற்றாண்டினரான அப்பர் பெருமான், தருமிக்குப் பொற்கிழி அளிக்க இறைவன் சங்கம் ஏறிய செய்தியை எல்லாரும் அறிந்த கதையாகவே குறிப்பிடுகின்றார். ஆகவே நம்பிக்கை உரைநூலுக்கு முற்பட்டது. உரைகாரர் அதற்கு எண்ணும் வரிசையும் கொடுத்தார் என்க. பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியரின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடுகள், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியமையையும் மதுரையில் சங்கம் வைத்தமையையும் முன்னோர் செயல்களாக அடுக்கிக் கூறுகின்றன. இங்கே ஒரு மாறுதல் நிகழ்ந்திருத்தல் காண்க. அரசன் புலவரைப் புரந்தான் என்பது போய், சங்கம் வைத்த குடியில் பிறந்தான் என்பதே அவனுக்கு உரிமைச் சான்றாகின்றது. நம்பிக்கை அரசியலின் கருவூலத்துட் புகுந்துவிட்டது.

இதன்பின் நம்பிக்கை தனக்குரிய சான்றுகளைத் தானே ஆக்கிக்கொள்ளத் தலைப்பட்டது. சங்கப் புலவர் பெயர்களால் திருவள்ளுவமாலை தோன்றிற்று. திருவிளையாடற் புராணங்கள் சங்கப்பலகையையும் பொற்றாமரையையும் கண்முன் நிறுத்தின. மதுரைத் திருக்கோயிலினுள் சங்கப் புலவர்க்குச் சந்நிதியும் அமைந்தது. பின்வந்தோர் இவற்றையே சங்கம் இருந்தமைக்குச் சான்றாகக் காட்டினர். விளைவு காரணத்தின் இடத்தில் அமர்ந்துகொண்ட இந்நிலை மிக இயல்பானது. அதனாலேயே கண்டறிதற்கு அரியது. தலைச்சங்க நூலெனக் கூறி வெளிவந்த செங்கோன்றரைச் செலவு போல்வன இப்போக்கின் கடைநிலை. அதனை ஆராய்ச்சியாளர் பலரும் பிற்காலப் புனைவென ஒதுக்கினர்.

இனி, நம்பிக்கை மெய்யாகவே ஒன்றை ஆக்கிய இடத்திற்கு வருவோம். இறையனார் களவியலை உரையோடு சி. வை. தாமோதரம் பிள்ளை 1883இல் பதிப்பித்தார். அவ்வுரை கடைச்சங்கத்தார் பாடியவற்றைப் பட்டியலிடுகின்றது: நெடுந்தொகை, குறுந்தொகை, நற்றிணை, புறநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, நூற்றைம்பது கலி, எழுபது பரிபாடல் என்பன அவற்றுள் தலையாயவை. எட்டுத்தொகையின் பெயர்களைக் கூறும் பழைய வெண்பாவும் வழங்கி வந்தது. ஏடு தேடிப் புறப்பட்டவர்க்கு இவை வெறுங் கதையல்ல, தேடவேண்டியவற்றின் அட்டவணை. கலித்தொகை 1887இலும், உ. வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின. ஐயர் பரிபாடலை 1918இல் வெளியிட்டபோது முழுமையாகக் கிடைத்த பாடல்கள் இருபத்திரண்டே. எழுபது என்னும் எண் இல்லாதிருப்பின் இழந்தது எவ்வளவு என்பதே நமக்குத் தெரிந்திராது. முப்பத்தேழின் மடங்குகளை அமைத்த அதே உரை, இங்கு மெய்யான நூல்களுக்கு மெய்யான வழிகாட்டியாயிற்று. ஓர் உரையில் ஒரு பகுதி பொய்யெனக் கண்டவுடன் முழுதையும் வீசியெறிவாரை நோக்கி யாம் சொல்ல விரும்புவது இதுவே.

1901ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பாலவனத்தம் குறுநிலமன்னர் பாண்டித்துரைத் தேவர், சேதுபதி மன்னர் பாஸ்கரரின் துணையோடு மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த தேவர், கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டிக் கேட்டபோது அந்நகரில் அவை கிட்டவில்லை என்றும், அவ்வருத்தமே சங்கம் காணத் தூண்டிற்று என்றும் கூறுவர். சங்கம் இருந்ததென எல்லாரும் நம்பிய ஊரில் குறள் இல்லை! பிறிதோர் ஊராயின் இக்குறை குறையாகவே தோன்றியிராது. நம்பிக்கையே அதனை இழுக்காகக் காட்டியது. புதிய அமைப்பு ‘நான்காம் தமிழ்ச் சங்கம்’ எனப்பட்டது. இல்லாத மூன்றன் எண்ணிக்கையில், உள்ளதாகிய நான்காவது பிறந்தது. அதற்குப் பாண்டியன் புத்தகசாலை இருந்தது. செந்தமிழ்க் கலாசாலை இருந்தது. 1902 முதல் ‘செந்தமிழ்’ இதழ் இருந்தது. பண்டிதத் தேர்வுகள் இருந்தன. இரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் அவ்விதழில் எழுதிய ஆராய்ச்சிகள் இன்றும் நம் மேசைமீது உள்ளன. பின்னர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911இலும், கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலும், தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இலும் எழுந்தன. இன்று தமிழர் நால்வர் அயல்நாட்டில் ஒருங்கு கூடினும் அக்கூட்டத்திற்கு இடும் பெயர் பெரும்பாலும் சங்கமே.

நூல்களின் பெயரும் மாறிற்று. பேராசிரியர் முதலிய உரையாசிரியர் இத்தொகைகளைச் ‘சான்றோர் செய்யுள்’ என்றனர். ‘சங்க இலக்கியம்’ என்பது நம் காலத்து வழக்கு. வையாபுரிப் பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1940இல் பாட்டும் தொகையும் ஒருசேர வெளிவந்தபோது அப்பெயரே நூற்பெயராயிற்று. சங்கக் காலக் கணக்கைச் சற்றும் ஏற்காதவர் பதிப்பிலேயே இப்பெயர் நிலைத்தது வியப்பிற்குரியது.

நம்பிக்கை ஒன்றே இவற்றையெல்லாம் செய்துவிட்டது என்பதும் மிகை. அச்சுப்பொறி இருந்தது, மடங்களும் புலவர் இல்லங்களும் ஏடுகளைக் காத்திருந்தன, குறுநிலமன்னர் கையில் பொருள் இருந்தது. இவையின்றி நம்பிக்கை ஒரு மண்டபமும் எழுப்பியிராது. அது கொடுத்தவை பெயரும் திசையும். பொருளுடையார் தம் பொருளைக் கொடுக்க நாணாத ஒரு காரணத்தையும் அது கொடுத்தது. ஆனால் அஃது எதிர்காலத்தையே மாற்றியது. இறந்த காலத்தில் ஒரு யாண்டையேனும் கூட்டவோ குறைக்கவோ அதனால் இயலவில்லை. 1901இல் மதுரையில் சங்கம் எழுந்தமை, கபாடபுரத்தில் சங்கம் இருந்தமைக்குச் சான்றாகாது.

இவ்வேறுபாடு தெளிவாக இருந்தும், ஆய்வேடுகளின் முன்னுரையில் 4440ஐயும் 3700ஐயும் வரலாற்றுண்மைபோல் எழுதும் மாணவரை இன்றும் காண்கின்றோம். பி. தி. சீனிவாச ஐயங்கார் 1929இலும் கே. என். சிவராச பிள்ளை 1932இலும் எழுப்பிய ஐயங்களை அவர்கட்கு யாரும் எடுத்துக் காட்டுவதில்லை போலும். ஐயுற்றவரை மொழிப்பகைவர் என்று ஒதுக்கும் வழக்கமும் முற்றும் ஒழிந்தபாடில்லை. தொகைநூற் புலவரின் பெருமை அவர்தம் பாட்டில் உளது. மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் பெயரும், புகழூர்க் கல்லில் மூன்று தலைமுறை இரும்பொறையர் பெயரும் உள்ளன. இவற்றின் வாசிப்பை ஐராவதம் மகாதேவன் 1960களில் நிலைநாட்டினார். பதிற்றுப்பத்தின் பிற்பகுதித் தலைவரோடு புகழூர் அரசரை அறிஞர் பலர் ஒப்பிட்டுக் காண்பர். கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளும் அவ்வாறே. இவை பாடல்களின் உலகிற்குச் சான்று பகர்கின்றன. முச்சங்கக் கதைக்கு அல்ல.

நம்பிக்கை மறைத்தது ஒன்றுண்டு. எல்லாம் மதுரையில், பாண்டியர் அவையில் நிகழ்ந்தன என்று கொண்டமையால், தொகுத்தோர் பற்றிய பழங்குறிப்புக்களை நாம் கருத்தூன்றிப் படிப்பதில்லை. அகநானூறு தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணை தொகுப்பித்தவனும் பாண்டியனே. ஆனால் ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். பதிற்றுப்பத்து முழுதும் சேரர்க்கே உரியது. சேரன் அவையிலும் பாடல்களைத் திரட்டி, திணைக்கு நூறாக வகுத்து, புலவர் ஐவர்க்குப் பங்கிட்டு அமைக்கும் பணி நடந்திருக்கின்றது. அப்பணி எங்கு நடந்தது, மதுரைத் தொகுப்புக்களோடு அதற்கு என்ன தொடர்பு, இரு தொகுப்பாரும் ஒரே முறையைக் கொண்டனரா என்பன இன்னும் முறையாக ஆராயப்படவேண்டியவை. ஐங்குறுநூற்றின் பத்துப்பத்தான பகுப்பும், அகநானூற்றின் ஒற்றைப்படை எண் பாலைக்கு உரியதாகும் வைப்புமுறையும் அருகருகே வைத்து நோக்கப்படின் முதல் விடை கிடைக்கலாம்.