798 டாலர் டிவி

“எவ்வளவுடா?”

“நூத்தி எழுபத்தெட்டு டாலர்ப்பா. நம்ம காசுக்குப் பத்தாயிரத்துக்குள்ளதான்.”

“இந்த வெலைக்கு வித்தா யாருக்கோ கையக் கடிச்சிருக்கணுமே. யாருக்கு?”

2013 ஜனவரியில் விருதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சு இது. நான் நியூஜெர்சியிலிருந்து சுமந்து வந்த 32 இன்ச் தட்டை டிவி அட்டைப் பெட்டிக்குள் இருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. அப்பா முப்பது வருஷம் மளிகைக் கடை நடத்தியவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் அடக்க விலை என்னவாக இருக்கும் என்றுதான் அவர் மனசு முதலில் கணக்குப் போடும்.

செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் செருகிப் போட்டோம். படம் வந்தது. கறுப்பு வெள்ளையில். அமெரிக்க டிவி என்டிஎஸ்சி முறைக்குச் செய்தது, நம்மூர் பாக்ஸ் தருவது பால் சிக்னல். அதன் நிறத்தை இது புரிந்துகொள்ளவில்லை. ஒரு இன்ஜினியருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்பா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “பழைய டயனோராவே திரும்பி வந்துருச்சுடா.”

மறுநாள் எச்டிஎம்ஐ உள்ள பாக்ஸ் வாங்கி நிறத்தைக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. “டெக்னாலஜி வளர வளர வெல குறையும்ப்பா” என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை. பிறகு வருஷக்கணக்கில் அங்கங்கே படித்துச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. அந்த வெள்ளிக்கிழமை

அந்த டிவியை நான் வாங்கியது 2012 தேங்க்ஸ்கிவிங் இரவில். நவம்பர் மாத நான்காவது வியாழன் அமெரிக்கர்களுக்கு வீட்டோடு உட்கார்ந்து வான்கோழி சாப்பிடும் நாள். மறுநாள் ‘ப்ளாக் ஃப்ரைடே’, தள்ளுபடித் திருவிழா. நம்மூர் தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெருவை நவம்பர் குளிரில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பண்டிகையின் தேதியிலேயே வியாபாரம் இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் முடியும்வரை கிறிஸ்துமஸ் விளம்பரத்தைத் தொடங்கக் கூடாது என்பது அந்தக் காலக் கடைக்காரர்களின் எழுதாத ஒழுங்கு. 1939-ல் நவம்பரின் கடைசி வியாழன் 30-ஆம் தேதி வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் போதாது என்று பெருங்கடை முதலாளிகள் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார்கள். அவர் தேங்க்ஸ்கிவிங்கையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தி 23-ஆம் தேதிக்கு வைத்தார். மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் ஒரு வியாழனும் மீதிப் பேர் இன்னொரு வியாழனும் கொண்டாடினார்கள். ‘ஃப்ராங்க்ஸ்கிவிங்’ என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். 1941-ல் நாடாளுமன்றம் தலையிட்டு நான்காவது வியாழன் என்று சட்டம் போட்ட பிறகுதான் குழப்பம் ஓய்ந்தது.

‘கறுப்பு’ எப்படி வந்தது? கடைக்காரர்களின் கணக்கு அன்றுதான் நஷ்டத்தின் சிவப்பு மையிலிருந்து லாபத்தின் கறுப்பு மைக்கு மாறும் என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அது 1980-களில் ஒட்டவைத்த கதை. உண்மையில் அந்தப் பெயரை வைத்தது பிலடெல்பியா போலீஸ்காரர்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அந்த வெள்ளிக்கிழமை கடைகளுக்கு வரும் கூட்டமும், சனிக்கிழமை நடக்கும் ராணுவம்–கடற்படை கால்பந்துப் போட்டிக்கு வரும் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து நகரத்தை முடக்கிவிடும். போலீஸ்காரர்களுக்கு அன்று லீவு கிடையாது. அந்த எரிச்சலில் வந்த பெயர்தான் ‘ப்ளாக் ஃப்ரைடே’. 1961-ல் வியாபாரிகள் அதை ‘பிக் ஃப்ரைடே’ என்று மாற்றிப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியவன் வைத்த பெயரே நிலைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கேரட்டிலிருந்து கண்ணாடிக்கு

1888-ல் பிராக் நகரத்தில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருந்தன. 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாகும், 178.5 டிகிரியில் தெளியும். நடுவில் இருக்கும்போது திரவம் போல ஓடும், ஆனால் ஒளியைப் படிகம் போலக் கையாளும். திரவப் படிகம், அதாவது லிக்விட் கிரிஸ்டல், அங்கேதான் அகப்பட்டது. அதற்கு ஒரு பயன் கிடைக்க எண்பது வருஷம் ஆனது.

1968-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, ஜார்ஜ் ஹைல்மையர் குழு செய்த திரவப் படிகத் திரையைக் காட்டியது. சுவரில் படம் போல மாட்டும் டிவி வரப்போகிறது என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. ஆனால் ஆர்சிஏ பிக்சர் ட்யூப் விற்றுச் சம்பாதித்துக்கொண்டிருந்த கம்பெனி. தன் யாவாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ள அதற்கு மனசு வரவில்லை. 1970-ல் ஹைல்மையர் வெளியேறினார். ஜப்பானின் ஷார்ப் அந்தத் திரையை 1973-ல் ஒரு கால்குலேட்டரில் போட்டு விற்றது. 1988-ல் 14 இன்ச் வண்ணத் திரை செய்து காட்டியது. இன்னொரு பக்கம் 1964-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளாஸ்மா திரை வளர்ந்தது. 1997-ல் 42 இன்ச் பிளாஸ்மா டிவி அமெரிக்கக் கடைக்கு வந்தபோது விலை சுமார் 15,000 டாலர். ஒரு கார் வாங்கலாம்.

பதினைந்தாயிரம் எப்படி ஆயிரத்துக்குள் வந்தது? இதில் என் சமாளிப்புப் பதிலுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. எல்சிடி பேனலை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டின் மேல் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களைப் பதித்து, பிறகு துண்டுகளாக வெட்டுவார்கள். தோசைக்கல் பெரிதாக இருந்தால் ஒரே சூட்டில் எத்தனை தோசை ஊற்றலாம், அந்தக் கணக்குதான். 1990 வாக்கில் தகடு சுமார் 30-க்கு 40 சென்டிமீட்டர், நம் சாப்பாட்டுத் தட்டு அளவு. 8.5-ஆம் தலைமுறை ஆலையில் அது 2.2-க்கு 2.5 மீட்டர். ஒரே தகட்டில் ஆறு 55 இன்ச் திரைகள்.

ஆனால் இப்படி ஓர் ஆலை கட்ட நூறு கோடி டாலர் கணக்கில் பணம் வேண்டும். கட்டியபின் நிறுத்தவும் முடியாது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டியாக வேண்டும். கொரியா, தைவான், ஜப்பான் மூன்றிலும் போட்டி போட்டுக் கட்டினார்கள். சரக்கு குவிந்து விலை சரிந்தது. 2007 கடைசியில் உலக அளவில் எல்சிடி டிவியின் விற்பனை முதல்முறையாகப் பழைய ட்யூப் டிவியைத் தாண்டியது. அதே காலத்தில்தான் தமிழக அரசு வீட்டுக்கு வீடு 14 இன்ச் வண்ண ட்யூப் டிவியை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. உலகம் கைகழுவிக்கொண்டிருந்த சாமான்தான். ஆனாலும் அது வந்த நாளில் எங்கள் தெரு முழுக்க இருந்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

3. 2008 நவம்பர்

அப்பாவின் கேள்விக்கான பதில் அநேகமாக முழுவதும் இந்த ஒரு மாதத்துக்குள் கிடைக்கிறது.

நவம்பர் 10. அமெரிக்காவின் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலிகளில் ஒன்றான சர்க்யூட் சிட்டி திவால் மனு போட்டது. தட்டை டிவியின் விலைச் சரிவில் அதன் மார்ஜின் கரைந்திருந்தது. சமாளிக்க 2007 மார்ச்சில் அவர்கள் செய்த காரியம், கடைகளில் சுமார் 3,400 பேரை ஒரே நாளில் வெளியேற்றியது. இவர்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. வருஷக்கணக்கில் இருந்து அனுபவத்தால் சம்பளம் கூடியவர்கள். அந்த இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஆட்களை எடுத்தார்கள். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடியது. 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

நவம்பர் 12. எல்ஜி டிஸ்ப்ளே, ஷார்ப், தைவானின் சுங்வா பிக்சர் ட்யூப்ஸ் மூன்றும் எல்சிடி பேனல் விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்ததை ஒப்புக்கொண்டன என்று அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அபராதம் மொத்தம் 58.5 கோடி டாலர். 2001-லிருந்து 2006 வரை போட்டிக் கம்பெனிகளின் அதிகாரிகள் தைபேயின் ஓட்டல் அறைகளில் மாதாமாதம் சந்தித்திருக்கிறார்கள். ‘கிரிஸ்டல் மீட்டிங்’ என்று அதற்குப் பெயரும் உண்டு. 2012-ல் ஏயூ ஆப்ட்ரானிக்ஸுக்கு 50 கோடி டாலர் அபராதமும் அதன் உயரதிகாரிகள் இருவருக்கு மூன்றாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அதாவது, தள்ளுபடி என்று நாம் ஓடிப்போய் வாங்கிய பொருளின் உள்ளே இருந்த பேனலுக்குப் பல வருஷங்கள் கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அப்பாவுக்கு அதிர்ச்சியே இல்லை. “நாலு பெரிய யாவாரி ஒண்ணா டீ குடிச்சா மறுநாள் வெல ஏறும். இதுக்கு தைபே எதுக்கு?”

நவம்பர் 28, ப்ளாக் ஃப்ரைடே. நியூயார்க்கை ஒட்டிய வேலி ஸ்ட்ரீமில் இருந்த வால்மார்ட். விடியற்காலை ஐந்து மணிக்குத் திறப்பதாக அறிவிப்பு. அன்றைய கவர்ச்சிகளில் ஒன்று 50 இன்ச் சாம்சங் பிளாஸ்மா டிவி, 798 டாலர். வாசலில் சுமார் 2,000 பேர். திறப்பதற்கு முன்பே கூட்டம் நெருக்கியதில் கதவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே நின்ற 34 வயதுத் தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு மூச்சுத் திணறி இறந்தார். ஆள் செத்துவிட்டார், கடையை மூடுகிறோம் என்று சொன்னபோது, நேற்றிலிருந்து வரிசையில் நிற்கிறோம் என்று சிலர் கத்தினார்கள் எனச் செய்திகள் வந்தன.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை வால்மார்ட்டுக்கு விதித்த அபராதம் 7,000 டாலர். அன்றைய தள்ளுபடி விலைக்கு ஒன்பது டிவி வாங்கக்கூட முழுசாகக் காணாது. அந்தத் தொகையைக் கட்டாமல் கம்பெனி வருஷக்கணக்கில் வழக்காடியது. பணத்துக்காக இல்லை. கூட்டத்தைக் கையாள்வது முதலாளியின் பொறுப்பு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் அதுவே முன்னுதாரணமாகிவிடும் என்பதற்காக. பிலடெல்பியா போலீஸ்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் முனகியது இந்தப் பொறுப்பைப் பற்றித்தான்.

4. வரிசையில் நான்

2012-ல் நான் நின்ற வரிசையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. ரூமில் இருந்த நாலு பேரும் பிளான் போட்டு வந்திருந்தோம். “கதவு தொறந்ததும் நீ நேரா டிவிக்கு ஓடு மச்சான், லேப்டாப்ப நான் பாத்துக்கறேன்.” கடை எதுவென்பது இங்கே முக்கியமில்லை. எட்டு மணிக்குக் கதவு திறந்தது. எனக்கு முன்னால் நின்ற, என் அம்மா வயதிருக்கும் ஒரு பெண் தடுமாறி முட்டி போட்டு விழுந்தார். நான் பார்த்தேன். அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பையன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரிய அடி இல்லை. “ஆர் யூ ஓகே?” என்று கேட்டேன். தலையாட்டினார். பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, “இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

வேலி ஸ்ட்ரீம் செய்தியைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது, மனுஷங்களா இவங்க என்று கோபப்பட என்னால் முடியவில்லை. அந்த 2,000 பேரில் பெரும்பாலானவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். 2008 நவம்பர், வேலைகள் போய்க்கொண்டிருந்த நேரம். குறைந்த எண்ணிக்கையில் சரக்கை வைத்து, விலையை ஊரறியச் சொல்லி, இருட்டில் குளிரில் காத்திருக்க வைத்து, ஒரே கதவைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் ஓடுவார்கள். நான் ஓடினேன் என்பதால் சொல்கிறேன்.

5. அடக்க விலை

2013 ஆகஸ்ட் 26-லிருந்து வெளிநாட்டிலிருந்து லக்கேஜில் கொண்டுவரும் தட்டை டிவிக்கு இந்திய அரசு 35 சதவீதச் சுங்கமும் அதற்கு மேல் செஸ்ஸும் போட்டது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த சமயம். எங்கள் டிவி ஏழு மாதத்தில் தப்பியது.

இன்றைக்கு 32 இன்ச் டிவியை யாரும் சுமந்து வருவதில்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி ஆன்லைன் சேலிலும் அதைவிடக் குறைவாகவே இங்கே கிடைக்கிறது. திவால் ஆகாமல் எப்படி விற்கிறார்கள்? 2017-ல் அமெரிக்காவில் விசியோ டிவி கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. 1.1 கோடி டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை அனுமதி இல்லாமல் சேகரித்து விற்றது என்பது குற்றச்சாட்டு. 2024-ல் அதே விசியோவை 230 கோடி டாலருக்கு வாங்கியது வால்மார்ட். திரையில் விளம்பரம் காட்டும் தொழிலுக்காகத்தான் வாங்குகிறோம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த வருஷமே ஷார்ப் தன் சகாய் நகர ஆலையில் டிவி பேனல் செய்வதை நிறுத்தியது. 2009-ல் திறந்தபோது உலகிலேயே பெரிய கண்ணாடித் தகட்டைக் கையாண்ட ஆலை அது.

போன பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். சம்பளம் கூடியதால் வேலை போனவர்கள், ஓட்டல் அறைக்காரர்கள், கதவருகே நின்ற அந்த மனிதர், நாம் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிவி. அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். அந்த 32 இன்ச் டிவி இன்னும் ஓடுகிறது. ஓரத்தில் மட்டும் ஒரு கோடு விழுந்திருக்கிறது.

“அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?” என்று கேட்டார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கதவருகே இறந்தவரைக் கேட்கிறார். தெரியாது என்றேன்.

“அதத்தான் நீ மொதல்ல பாத்திருக்கணும்” என்றார். ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.