கூற்றும் களனும்: எம்.என். சீனிவாஸ் நூலில் தன்மை ஒருமை

ஆய்வேட்டில் தன்மை ஒருமை இடம்பெறலாகாது என்பது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தத் தூண்டும் நூல், சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் எழுதிய 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' ஆகும்.

மைசூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1948-இல் தங்கிக் கள ஆய்வு நிகழ்த்திய அவர், அவ்வூருக்கு 'ராம்புரா' எனப் புனைபெயர் இட்டார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு மையத்தில் நேர்ந்த தீவைப்பில், அவர் தொகுத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. மூலக் குறிப்புகள் தில்லியில் எஞ்சியிருந்தும், நினைவையே முதன்மை ஆதாரமாகக் கொண்டு நூலை எழுதலானார். 1972-இல் பெங்களூருவில் நிறுவப்பெற்ற சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தில் பணியேற்றார். 1976-இல் கலிபோர்னியா, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் வழி நூல் வெளிவந்தது.

ஊர்த்தலைவரின் காளைகள் கட்டப்பட்டிருந்த மனையில் தங்கியதையும், மேற்சாதியினரோடு நெருங்கிய அளவிற்குத் தலித் மக்களோடு பழக இயலாமற் போனதையும் ஆசிரியர் இந்நூலில் தாமே பதிவு செய்கிறார். அவர் கண்டது எது, காணாதது எது என வாசகர் பகுத்தறிய அந்த 'நான்' துணைநிற்கிறது.

கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளுள் வைத்து எண்ணுகிறது தொல்காப்பியம். யார் கூற்று எனத் தெளிந்த பின்னரே அகப்பாட்டின் பொருள் துணியப்படும். அம்முறை கள ஆய்வு நூலுக்கும் பொருந்தும். பேசுவோர் நின்ற இடத்தை மறைக்கும் உரையிலும் சார்பு உண்டு. அதனை அளந்தறியும் வழிதான் இல்லை. ஆய்வேடுகளை நூலாக்கும் பல்கலைக்கழகப் பதிப்புத்துறைகள், தன்மைக் கூற்றை நீக்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.